கிராண்டுக்கு இன்ஷூரன்ஸ் என்று யாராவது சொன்னால் பணத்தை நீட்டாதீர்கள்

பினாங்கில் சப்சேல் வீடு, அதாவது ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் வீடு, தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஒரு ஏஜென்ட் 'டைட்டில் இன்ஷூரன்ஸ்', அதாவது கிராண்டில் (சொத்து உரிமைப் பத்திரத்தில்) சிக்கல் வந்தால் ஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ், என்று சொல்லி என்னிடம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். வீட்டு விலையில் 2 விழுக்காடு முன்பணம், 7,600 வெள்ளி, அதுவும் அவர் கைக்குத்தான் போனது. போலீஸ் ரிப்போர்ட் செய்திருப்பதால் பெயர், கம்பெனி எதையும் இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

வீடு ஃபார்லிம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட், 380,000 வெள்ளி, நல்ல காற்றோட்டம், கார் பார்க் ஒன்று. ஏஜென்ட் நம்ம ஆள், பேச்சு தேன். நான் தனியாக ஒரு லோயரைப் பார்க்கிறேன் என்றதும்தான் இந்தக் கதையை எடுத்தார். "அண்ணே, கிராண்டுல நாளைக்கு என்ன பிரச்சினை வந்தாலும் இன்ஷூரன்ஸ் பணம் கட்டிரும். அமெரிக்காவுல இது இல்லாம ஒருத்தனும் வீடு வாங்க மாட்டான். நில ஆபிஸ்ல சர்ச், லோயர்னு நீங்க ஏன் டபுள் செலவு பண்றீங்க, விற்கிறவரோட லோயரே ரெண்டு பக்கமும் பார்த்துக்குவாரு." 380,000 வெள்ளி வீட்டுக்கு 2023 கட்டண விதிப்படி லோயர் ஃபீஸ் 1.25 விழுக்காடு, அதாவது 4,750 வெள்ளி, அதில் பாதிக்கு இது முடிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

சித்தப்பா மகள் ஒரு லோயர் ஆபிசில் கிளார்க். அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னதும், "சர்ச் போடாம பணம் கட்டிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, யூனிட்டின் ஹக்மிலிக் (உரிமைப் பத்திர) நம்பரை வாங்கி நில அலுவலகத்தில் தேடலுக்குப் போட்டாள். அந்தத் தாளில் உரிமையாளர் பெயர், வங்கி அடகு எல்லாம் ஏஜென்ட் சொன்னபடியே சரியாக இருந்தது, கீழே ஒரே ஒரு வரிதான் கூடுதல்: பிரைவேட் கேவியட், போட்டவர் வேறு யாரோ. விசாரித்ததில், விற்பவர் எனக்கு முன்னாலேயே ஒருவரிடம் முன்பணம் வாங்கி, பேரம் முறிந்து, அந்த ஆள் தன் பணத்துக்காகக் கேவியட் போட்டு வைத்திருக்கிறார்.

கேவியட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சொத்தில் தனக்கு உரிமை இருக்கிறது என்பவர் நிலப் பதிவேட்டில் போடும் தடை, அது அந்த நிலத்தில் இருக்கும்வரை பெயர் மாற்றம் பதிவாகாது. தானாகக் காலாவதியாக 6 ஆண்டு ஆகும். உரிமையாளர் அதை எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தால் நில அலுவலகம் போட்டவருக்கு 2 மாத நோட்டீஸ் கொடுக்கும், அதற்குள் அவர் கோர்ட்டுக்குப் போய் நீட்டிப்பு வாங்கிவிட்டால் முடிந்தது, வழக்கு தீரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான், அதுவரை வங்கி லோன் ஆஃபர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்குமா என்பது வேறு கதை.

ஏஜென்டுக்கு போன் போட்டேன். மனிதர் அசரவில்லை. "அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோம், பயப்படாதீங்கலா."

சரி என்று அந்தப் பாலிசியைப் பிரித்து உட்கார்ந்தேன். முதலில் இருந்தது ஏஜென்டே அச்சடித்த ஒரு கவர் லெட்டர், அதில் மட்டும்தான் 'டைட்டில் புரொடெக்‌ஷன்' என்ற வார்த்தை. உள்ளே இருந்தது சாதாரண ஹவுஸ்ஓனர் பாலிசி. தீ, இடி, மின்னல், குழாய் வெடிப்பு, வெள்ளம், விமானம் விழுந்து சேதம், வாகனமோ விலங்கோ மோதி சேதம். பத்தாவது மாடியில் மாடு வந்து சுவரை முட்டினால் பணம் உண்டு, கிராண்டில் கேவியட் இருந்தால் கிடையாது. இதில் இன்னொரு கூத்து, ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) கட்டடத்துக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுப்பது சட்டப்படி நிர்வாகக் குழுவின் வேலை, நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலேயே அது அடங்கும். அதை விடுங்கள், வீடே அப்போது என் பெயரில் இல்லை, என்னுடையது அல்லாத வீடு எரிந்தால் எனக்கு யார் பணம் தருவார்? பாலிசியில் அச்சாகியிருந்த பிரீமியம் நான் கொடுத்த 2,400க்குப் பக்கத்தில்கூட இல்லை. (வங்கி லோனோடு வரும் எம்ஆர்டிஏவையும் சிலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது நாம் இறந்துவிட்டால் லோனை அடைப்பதற்கு, கிராண்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.)

சரி, உண்மையான டைட்டில் இன்ஷூரன்ஸாகவே இருந்திருந்தால்? அப்போதும் எனக்கு ஒரு காசு வந்திருக்காது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அமெரிக்காவில் பத்திரங்களைப் பதிந்து வைப்பதோடு கவுன்டி அலுவலகத்தின் வேலை முடிந்தது, யார் உரிமையாளர் என்று அது உத்தரவாதம் கொடுக்காது. அதனால் பழைய பத்திரங்களை வரிசையாகத் தோண்டிப் பார்த்துவிட்டு, அதிலும் கண்ணுக்குத் தப்பிய குறைக்கு ஒரே ஒரு முறை பிரீமியம் கட்டி இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள், வாங்குபவருக்கு ஒன்று, கடன் கொடுப்பவருக்குத் தனியாக ஒன்று. தேடலில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட சிக்கலை அந்தப் பாலிசியிலேயே விதிவிலக்கு என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். அதாவது அங்கேயும் சர்ச்தான் முதலில், அதற்கப்புறம்தான் இன்ஷூரன்ஸ். 'இன்ஷூரன்ஸ் இருக்கு, சர்ச் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் டோரன்ஸ் முறை. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. அதற்காக ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் என்ற தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை வேறு ஒருத்தி அவர் பெயரில் நடித்து விற்ற வழக்கு நினைவிருக்கும். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் நிலம் வாங்கிய நிறுவனத்துக்கே என்று சொல்லிவிட்டது. 2010ல் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று மாற்றியது. இப்போது போலிக் கையெழுத்தில் நிலம் கைமாறினால் அசல் உரிமையாளர் திரும்பக் கேட்கலாம், மோசடிக்காரனிடம் நேராக வாங்கியவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் நிலம் போகும், அவரிடமிருந்து அடுத்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் இப்படி நஷ்டப்பட்டவருக்குக் கொடுக்க அரசு நிதி இருக்கிறது, இங்கே இல்லை. ஆக, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவர் விற்கிறார், அடகே இல்லாத விலை உயர்ந்த வெற்று நிலம் என்கிற மாதிரி பேரத்தில் போலிக் கையெழுத்துக்கு ஈடு என்று எழுத்தில் உள்ள பாலிசி ஒன்று கிடைத்தால் அதற்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் உண்டு. ஆள் குடியிருக்கிற, வங்கியில் அடகு இருக்கிற சாதாரண அபார்ட்மென்டுக்கு என்னைக் கேட்டால் வேண்டாம். அந்தக் காசைச் சொந்த லோயருக்குக் கொடுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்கள் பெயரில் அவரே ஒரு கேவியட் போட்டுவிடுவார், எனக்கு முந்தியவர் செய்த மாதிரி.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். பதிவு பெற்ற நெகோஷியேட்டர் (வீடு விற்றுக்கொடுப்பவர்) என்றால் சிவப்பு டேக் இருக்கும், அதில் ஆர்இஎன் என்ற பதிவு நம்பர் இருக்கும், எல்பிபிஈஎச் என்ற சொத்து ஏஜென்டுகள் வாரியத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இவர் கழுத்தில் தொங்கியதும் சிவப்புதான், நம்பரைத் தட்டினால் வேறொருவர் பெயர் வந்தது. விற்பவர் தனக்கு முன்பணம் வந்து சேரவே இல்லை என்கிறார். முன்பணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியதில் அவர்கள் தரப்பு பிரீமியத்தைத் திருப்பிவிட்டார்கள், கவர் லெட்டர் தங்களுடையது இல்லை என்று எழுத்திலும் கொடுத்தார்கள், அது போலீசிடம் போயிருக்கிறது. கம்பெனி சரியாக நடந்துகொள்ளாவிட்டால் 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, 250,000 வெள்ளி வரை புகாரை எடுப்பார்கள், பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. ஏஜென்டிடமிருந்து முன்பணத்தில் 3,000 வந்திருக்கிறது, மீதி 'அடுத்த வாரம்'. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் இதே கவர் லெட்டர் யாரிடமாவது இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், ரிப்போர்ட்டைச் சேர்த்தே கொடுக்கலாம்.