ஆறரை மணிப் பசி: பாரிஸில் பிள்ளையோடு வெளியே சாப்பிட்ட ஆறு வருடங்கள்

மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது பாரிஸுக்கு வந்தோம். இப்போது அவளுக்கு எட்டு. வாரத்துக்கு ஒரு வேளையாவது வெளியே சாப்பிட்டிருக்கிறோம், அதுவும் எண்ணிச் செலவழிக்கும் கையோடு. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் "எங்கே மலிவு?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு மலிவு என்று கேட்க வேண்டும்.

இங்கே பெரும்பாலான உணவகங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி பற்றவைக்க ஏழு, ஏழரை ஆகும். என் மகளுக்கோ ஆறரைக்குப் பசிக்கும். ஐந்து நிமிடம் தாமதித்தால் நடைபாதையில் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் திறந்திருப்பவை, வாசலில் படம் போட்ட பட்டியலோடு சுற்றுலாக்காரர்களுக்காகக் காத்திருக்கும் கடைகள்தான். முதல் வருடம் நாங்கள் பணத்தைத் தொலைத்தது அங்கேதான். ஆற்றங்கரையோரம் ஒரு கடையில் "தண்ணீர்" என்று மட்டும் கேட்டேன். மினரல் வாட்டர் பாட்டிலை மூடி திறந்தே கொண்டுவந்து வைத்தார்கள். குழந்தை சாப்பிட்ட ரொட்டியின் விலைக்கு ஏறக்குறைய அந்தத் தண்ணீரும் வந்து நின்றது.

அன்று கற்றுக்கொண்ட வார்த்தை "கராஃப் தோ". சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தர வேண்டும். தண்ணீர் இப்படிக் கிடைக்கும் என்பதைப் பட்டியலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமும் இருக்கிறது. ரொட்டிக் கூடைக்கும் தனிக் காசில்லை. பரிமாறும் கூலி விலையிலேயே அடங்கிவிடுவதால், டிப்ஸ் வைக்காமல் எழுந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஆறரை மணிச் சிக்கலை இந்த ஊர்க் குழந்தைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது மகள் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. நாலரைக்குப் பள்ளி வாசலில் நிற்கும் ஒவ்வொரு தாத்தா பாட்டி கையிலும் பேக்கரிக் காகிதப்பை. மாலைச் சிற்றுண்டிக்குப் பெயரே "கூத்தே". வீட்டில் அதைக் கூத்து என்றே சொல்கிறோம். ஒரு சாக்லேட் ரொட்டி, ஒரு பழம், இரண்டு யூரோ சொச்சம். நாலரைக்குக் கூத்து நடந்துவிட்டால் ஏழரை வரை வீடு அமைதி.

பயணிகளாக வருகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு சரிப்படாது. அவர்களுக்கு நான் சொல்வது "பூய்யோன்" எனப்படும் பழைய சாப்பாட்டுக்கூடங்களை. 1850களில் துய்வால் என்ற இறைச்சிக்கடைக்காரர், சந்தைத் தொழிலாளர்களுக்குச் சூடான இறைச்சிச் சாறு விற்கத் தொடங்கிய வகை இது. 1896இல் தொடங்கிய "ஷார்த்தியே" என்ற கூடம் இன்றும் நடக்கிறது. முன்பதிவு கிடையாது, ஆனால் முற்பகல் பதினொன்றரையிலிருந்து நள்ளிரவு வரை அடுப்பு அணைவதில்லை. ஆறு மணிக்குப் போனால் வரிசை சிறியது. எட்டு மணிக்கு அது முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். உள்ளே தலைக்கு மேல் ரயில் பெட்டியில் இருப்பது போன்ற பித்தளைத் தட்டு, பை வைக்க. கூட்டமிருந்தால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரவைப்பார்கள்.

குழந்தைகளுக்கான தனிச் சாப்பாடு என்று பல உணவகங்களில் பத்து யூரோவுக்கு ஒன்று இருக்கும். அதில் அரைத்த மாட்டிறைச்சியோ, பன்றித் தொடையோ, வறுத்த கோழித் துண்டுகளோதான். மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கு அதில் பாதி போய்விடும்; மீதியும் வாய்க்கு விளங்காது. பூய்யோனில் நான் முதலில் பரிமாறும் சின்னச் சின்ன உணவுகளையே மூன்று நான்கு வாங்கிவிடுவேன்: மயோனைஸ் போட்ட அவித்த முட்டை, துருவிய கேரட், சூப். ஒவ்வொன்றும் சில யூரோதான். ரொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தை முட்டையைத் தின்னும், மயோனைஸை நான் ரொட்டியால் துடைத்துக்கொள்வேன்.

குறையும் சொல்ல வேண்டும். சத்தம் அதிகம், மேசைகளுக்கிடையே குழந்தையின் தள்ளுவண்டி நுழையாது. மடக்கும் வண்டி இல்லாமல் பாரிஸில் வெளியே சாப்பிடக் கிளம்பவே கூடாது. கழிப்பறை பெரும்பாலும் நிலவறையில், வளைந்த படிக்கட்டுக்குக் கீழே இருக்கும்.

யூதர் கடைகள் நிறைந்த மரே பகுதியின் ரொசியே தெருவில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை மலிவு, வயிறும் நிறையும். அங்கே ஒரு சனிக்கிழமை மதியம் பசித்த பிள்ளையோடு போய் நின்றேன். யூதர்களின் ஓய்வுநாள், தெருவின் முக்கியமான கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. வெள்ளி மாலையிலிருந்தே அப்படித்தான்.

அன்று எங்களைக் காப்பாற்றியது லாச்சப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அங்கே யாரும் அடுப்பு அணைக்கும் நேரம் பேசுவதில்லை. கல்லாவில் இருந்தவர் மகளைப் பார்த்து, "பிள்ளைக்கு உறைப்பு இல்லாமல் கொத்துரொட்டி போடட்டுமா?" என்று கேட்டார். உறைப்பில்லாமல்தான் போட்டார், ஆனால் அது அவர்கள் கணக்கில் உறைப்பில்லாதது. மகள் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து முழுத்தட்டையும் முடித்தாள்.

ஷார்த்தியேயில் பரிமாறுகிறவர் பில்லை மேசைமீது விரித்த காகிதத்திலேயே பேனாவால் எழுதிக் கூட்டுவார். மகள் கூட்டல் பழகியது அந்தக் காகிதத்தில்தான். அவர் எழுத எழுத எதிர்ப்பக்கத்திலிருந்து எண்களைத் தலைகீழாகப் படித்து, அவருக்கு முன்பே தொகையைச் சொல்லப் பார்ப்பாள். போன மாதம் சரியாகச் சொல்லிவிட்டாள். காகிதத்தின் அந்த மூலையைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

அன்று ஆறு மணிக்கே போகலாம் என்று அவசரப்படுத்தியது நான். "அதற்குள் என்ன, இப்போதுதானே கூத்து முடிந்தது" என்றாள் மகள்.