பழைய பில் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட: வைனா, விர்ச்சுவல்பாக்ஸா?

எங்கள் ஹார்டுவேர் கடையில் பில் போடுவது விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய விண்டோஸ் மென்பொருள். எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. கடை லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது என்பதால் விண்டோஸ் 11-க்கும் வழியில்லை. சரி என்று லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் பலருக்கும் தெரிந்த வழி: லினக்ஸுக்குள் ஒரு முழு விண்டோஸ். இரண்டு மாதம் அதில்தான் பில் போட்டேன், மென்பொருள் ஒரு தகராறும் செய்யவில்லை. ஆனால் இருக்கும் 4 ஜிபி ராமில் பாதி அதற்கே போனது. ஷட்டரைத் தூக்கியதும் அரை கிலோ ஆணி கேட்டு ஆள் நிற்பார். லினக்ஸ் எழுந்து, அதற்குள் விண்டோஸ் எழுந்து, அப்புறம்தான் பில் திரை.

அதைவிடப் பெரிய விஷயம் பராமரிப்பு. உள்ளே இருப்பதும் விண்டோஸ்தானே? லைசென்ஸ், அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் அதற்கும் தனியாக வேண்டும். பழைய விண்டோஸையே வைத்து நெட்டைத் துண்டித்துவிட்டால் கவலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

1993-இல் தொடங்கிய வைனுக்கு விண்டோஸே தேவையில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை அது லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. முதல் தடவை டேட்டாபேஸ் திறக்கவில்லை. 32-பிட் ப்ரிஃபிக்ஸ் (வைன் தன் விண்டோஸ் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்) ஒன்று உருவாக்கி, வைன்ட்ரிக்ஸ் என்ற உதவிக் கருவி மூலம் விபி6 மென்பொருள் ஓடத் தேவையான ரன்டைமையும் டேட்டாபேஸைத் திறக்கும் ஜெட் 4.0-ஐயும் போட்ட பிறகுதான் பழைய பில்கள் தெரிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. லினக்ஸில் சேர்த்திருந்த பிரிண்டரை மட்டும் வைன் தானாகவே எடுத்துக்கொண்டது.

வைன் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் பேக்கப். மென்பொருள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்குகள்), பில் கணக்கு எல்லாமே அந்த ப்ரிஃபிக்ஸ் என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. இரவு கடை மூடும்போது அதை டார் கோப்பாக்கி, அதாவது ஒரே கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் போடுகிறேன். தம்பியின் லேப்டாப்பில் வைன் போட்டு அதை விரித்துப் பார்த்தேன், முந்தைய நாளின் கடைசி பில் வரை அப்படியே வந்தது. புதிய வைன் பதிப்பில் பழைய மென்பொருள் சில நேரம் அடம்பிடிக்கும் என்பதால், அப்டேட்டுக்கு முன்பும் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன்.

என் அனுபவம் இந்த ஒரு மென்பொருளோடு சரி. யுஎஸ்பி டாங்கிள் லாக் (குறிப்பிட்ட யுஎஸ்பி சாவியைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும் பூட்டு), விண்டோஸ் டிரைவர் கேட்கும் கருவி என்றால் வைனோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராக விர்ச்சுவல்பாக்ஸுக்கே போய்விடுங்கள்.