மெடிக்கல் கோடிங் கோர்ஸ்ல 42,000 ரூபா ஏமாந்துட்டேன், சேரப்போறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம்தான் கடைசியா போய் சண்ட போட்டுட்டு வந்தேன், ராத்திரி தூக்கமே இல்ல, அதான் விடிஞ்சதும் எழுதறேன். சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னும் கீழ சொல்றேன்.

மெடிக்கல் கோடிங்னா டாக்டர் எழுதின நோய்க்கு புக்கப் பாத்து அதுக்கான கோடு போடற வேல. நான் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி. சென்னைல ஒரு கோடிங் ட்ரெய்னிங் சென்டர்ல மூணு மாசக் கோர்ஸ், 42,000 ரூபா. அம்மாவோட ரெண்டு வளையல அடகு வெச்சு வந்த காசு. டெமோ கிளாஸ் அன்னிக்கு அந்த சார் என் மார்க்ஷீட்ட வாங்கிப் பாத்துட்டு "மைக்ரோபயாலஜியாம்மா, அப்ப பாதி வேல முடிஞ்சிடுச்சு, கிருமி பேரெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு, நூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட்"னு சொன்னார். பக்கத்துல அம்மா உக்காந்திருந்தாங்க, அவங்க மொகத்துல அன்னிக்கு வந்த சந்தோஷத்த நெனச்சாதான் இப்பவும் வயிறு எரியுது. அங்கயே ஜிபே பண்ணிட்டோம்.

ஐசிடி-10-சிஎம்னு நோய்க்கெல்லாம் கோடு இருக்கற புக், அதக் குடுக்கல. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ்தான். தொற்று நோய் சாப்டர் மொத்தமும் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சாங்க. கிளமீடியாங்கற பாக்டீரியாவோட பக்கத்துல ஜெராக்ஸ் எடுக்கும்போதே வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கு, எக்ஸ்க்ளூட்ஸ் நோட்டெல்லாம் (இந்த நோய்க்கு இங்க கோடு போடாத, அந்தக் கோடுக்குப் போன்னு சொல்ற குறிப்பு) பாதி வரி காணோம், மேல பேனாவுல "லங்க்ஸ்னா ஜே16.0, கண்ணுன்னா ஏ74.0, மத்ததெல்லாம் ஏ56"னு எழுதியிருக்கு. நான் எழுந்து கேட்டேன், சார் கிளமீடியாலயே சிட்டசின்னு ஒரு வகை கிளி புறா கிட்டருந்து வருமே அதுக்கு என்ன கோடுன்னு. "அதெல்லாம் ரேர்மா, பேஷண்ட் சார்ட்ல வராது, விடு."

வந்துச்சு. இன்டர்வியூ டெஸ்ட்லயே வந்துச்சு. கிளி வளர்க்கறவர், காய்ச்சல், இருமல், டாக்டர் சிட்டகோசிஸ் (அந்த சிட்டசியால வர்ற நோய்) நிமோனியான்னு எழுதியிருக்கார், நான் ஜே16.0 போட்டேன். அடுத்தது பிறந்து ஒம்பது நாள் கொழந்த, கண்ணுல சீழ், கிளமீடியா பாசிட்டிவ், ஏ74.0 போட்டேன். ரெண்டும் தப்பு. அந்த மேடம் புக்க திருப்பிக் காட்டினாங்க, ஜே16 கீழயே எக்ஸ்க்ளூட்ஸ் 1ல ஆர்னித்தோசிஸ் (சிட்டகோசிஸுக்கு இன்னொரு பேரு) ஏ70ன்னு இருக்கு, ஏ70க்கு புள்ளி வெச்சு எதுவும் சேக்க வேண்டாம் அதோட முடிஞ்சுது. பச்சக் கொழந்த கண்ணுக்கு பி39.1 (P39.1), அதுவும் ஏ74 கீழயே எழுதியிருக்கு. "இண்டெக்ஸ்ல (நோய்ப் பேர் வரிசை) தேடிட்டு டேபுலர்ல (கோடு வரிசை) செக் பண்ணணும்னு கூடவா சொல்லித் தரல"ன்னு கேட்டாங்க. ஏ56ங்கறது உடலுறவால பரவுற கிளமீடியாவுக்கான கோடு, யோசிச்சுப் பாருங்க, புறா வளர்த்துக் காய்ச்சல் வந்த மனுஷனோட ரெக்கார்டுல அது ஏறினா அவர் குடும்பத்துல என்ன ஆகும். இதத்தான் 42,000 வாங்கிட்டுச் சொல்லித் தந்திருக்காங்க.

திரும்பப் போனா கவுன்டர்ல இருக்கற பொண்ணு "சார் மீட்டிங்ல இருக்கார்க்கா". வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. பத்து நாள் கழிச்சு "ஃபார்ம்ல பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்னுதான் இருக்கு, கேரண்டின்னு இல்ல"ங்கறாங்க. அம்மா முன்னாடி நூறு பர்சென்ட்னு சொன்ன அதே வாய். நேத்து அதுக்கும் மேல, இன்னும் 8,000 கட்டினா அட்வான்ஸ்டு பேட்ச்ல சேத்துக்கறாங்களாம்! ரீஃபண்ட் கேட்டதுக்கு "படிச்சிட்டு ரீஃபண்டா"ன்னு சிரிச்சார்.

சேரப்போறவங்க, இந்த வருஷத்து ஐசிடி-10-சிஎம் புக்க கையில தருவாங்களான்னு கேளுங்க, வருஷா வருஷம் அக்டோபர் 1 கோடு மாறும், பழைய ஜெராக்ஸ் ஆகாது. மொத்தப் பணத்தையும் மொத நாளே கட்டாதீங்க. வாயால சொல்றத எழுதி வாங்குங்க. டெமோலயே கிளி காய்ச்சலுக்கு என்ன கோடுன்னு கேளுங்க, புக்கத் தொறந்து தேடறாரா இல்ல விடும்மாங்கறாரான்னு பாருங்க.

இன்னும் எழுதணும், முடியல. பத்து மணிக்கு 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் குடுக்கப் போறேன், ஜிபே ரசீது, ஃபார்ம், அந்த வெட்டுப்பட்ட பக்கம் மூணையும் எடுத்து வெச்சிருக்கேன். 42,000 ரூபாங்க. இந்த மாசம் அடகுக் கடைக்கு வட்டி இன்னும் கட்டல.