திருவண்ணாமலை ஸீன் (zine, சொந்தமாகப் போடும் சிற்றிதழ்) அச்சடிக்க ஒரு போட்டோஸ்டேட் கடை

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கத்துப் போட்டோஸ்டேட் கடை. சின்ன இடம்தான், ஆனால் நீளக்கை ஸ்டேப்ளர் இருக்கிறது. ஸீன் தயாரிக்கிறவர்களுக்கு, நடு மடிப்பில் பின் அடிக்க, அதுதான் முக்கியம்.

அளவு ஏ5. உள்ளே 16 பக்கம், அதாவது நான்கு ஏ4 தாள். தாளின் கனம் 100 ஜிஎஸ்எம் போதும். கிரிவலம் 14 கிலோமீட்டர், பாதையில் அஷ்டலிங்கம். லிங்கத்துக்கு ஒரு பக்கம் வீதம் 4 முதல் 7, 10 முதல் 13 வரை வையுங்கள். வரைபடம் நடுவில், 8-9இல். அந்த இரண்டு பக்கம் மட்டுமே ஒரே தாளில் அடுத்தடுத்து விழும். வேறெங்கு போட்டாலும் பாதை மடிப்பில் விலகி நிற்கும்.

இருபுற அச்சுக்குக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும், கடைக்காரரும் கேட்பதில்லை. அட்டைக்கு 160 ஜிஎஸ்எம். மடிக்குமுன் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறாவிட்டால் டோனர் (அச்சு மைப்பொடி) வெடித்து வெள்ளை தெரியும். இங்கே கீறித் தருகிறார்கள், கேட்டால்தான்.

கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் கோட்டை விடுகிறார்கள். மலை மொத்தமும் ஒரே கரிக்கட்டி. நடுத்தர நிறங்களை வீட்டிலேயே வெளுப்பாக்கி, பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

ஓரம் வெட்டுவது சுத்தம். விலையும் நியாயம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கல்யாணப் பத்திரிகைக் கூட்டம்.