சார்ஜ் போட்டு அடிக்கும் ஏர்பிரஷ் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட் ஊற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. கொலுவுக்குப் பழைய பொம்மைகளை இறக்கித் துடைத்து, வண்ணம் போனவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாமா என்று பலரும் யோசிக்கும் நேரம். அப்படி யோசித்துத்தான் தை மாதம் நானும், காற்றால் பெயின்டைப் பனி போலத் தூவும் ஓர் ஏர்பிரஷ் வாங்கினேன். ஏமாந்தேன். பணம் போனதைவிட வேறொன்று போனதுதான் வலிக்கிறது. இன்னொருவருக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை அம்மாச்சி விட்டுப்போன நாற்பத்து மூன்று பொம்மைகள். எல்லாம் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மைகள். முகத்தில் நிறம் மங்கியிருந்தது. தூரிகையால் தொட்டால் கன்னத்தில் கோடு விழுகிறது. ஒரு நிறம் இன்னொன்றில் கரைவது போல வருவதில்லை. கண் திறப்பதற்குத் தூரிகைதான் வேண்டும், ஆனால் கன்னச் சிவப்புக்கும் கிருஷ்ணரின் நீலத்துக்கும் ஏர்பிரஷ் போல வேறு எதுவும் வராது. கையும் ஓரளவு ஓடும் என்பதால் துணிந்து இறங்கினேன்.

ஆன்லைனில் பார்த்தது கையடக்கமான ஒன்று. அடியில் காற்றை அழுத்தித் தரும் குட்டி கம்ப்ரசர், மேலே ஏர்பிரஷ், செல்போன் போல சார்ஜ் போட்டால் போதும். விலை ₹2,890. 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) பிரஷர், 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டரில் மூன்று ஊசி, மூன்று நாசில் (பெயின்ட் வெளியே வரும் நுனித் துண்டு), ஒரு வருட வாரண்டி என்று போட்டிருந்தார்கள். கேக், நகம், முக மேக்கப், பொம்மை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வேறு. கம்ப்ரசரைத் தனியாக வாங்கினால் ஏழாயிரம் எட்டாயிரம் ஆகுமே, இது மூவாயிரத்துக்குள் முடிகிறதே என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

பெட்டி வந்தது. பளபளவென்றுதான் இருந்தது. முதலில் செய்தித்தாளில் அடித்துப் பார்த்தேன். காற்று ஒரே சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தது. டிரிகரை அழுத்திப் பின்னுக்கு இழுத்தால் முதலில் ஒன்றுமே இல்லை, அப்புறம் ‘த்தூ’ என்று ஒரு சொட்டு. கோடு இழுத்தால் புள்ளி புள்ளியாக விழுந்தது.

விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது. “பெயின்ட் கெட்டியா இருக்கு மேடம். பால் பதத்துக்குக் கலக்குங்க.” கலக்கினேன். இந்த முறை பெயின்ட் தாளில் சிலந்திக் கால் போல நாலா பக்கமும் ஓடியது. “தண்ணி அதிகமாயிடுச்சு மேடம்.” குறைத்தேன். மறுபடி அடைத்தது. “ஊசிய கழட்டிச் சுத்தம் பண்ணுங்க.” பண்ணினேன். “கை பழகணும் மேடம், புதுசா பிடிக்கிற எல்லாருக்கும் ஒரு மாசம் இப்படித்தான் இருக்கும்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொதுவாகப் பார்த்தால் உண்மைதான். கெட்டிப் பெயின்ட் அடைக்கும். நீர்த்துப் போனால் சிலந்திக் கால் விடும். புதுக் கை தடுமாறும். அதனால்தான் நான் நம்பினேன். தவறு கருவியிலா கையிலா என்று பிரித்துப் பார்க்கும் அனுபவம் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இருக்காது. விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. இனிமையாகப் பேசிப் பேசியே ஏழு நாள் ரிட்டர்ன் கெடுவைக் கடத்திவிட்டார். எட்டாம் நாள் “மாத்திக் கொடுங்க” என்றதும் வந்த பதில் ஒரே வரி: “யூஸ் பண்ண பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்.” கூடவே, புது ஊசி வேண்டுமானால் ₹450.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை பழகவில்லை என்று என்னையே நொந்துகொண்டு தினமும் ராத்திரி சமையல் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பயிற்சி செய்தேன். மாசி கடைசியில் ஒரு நாள் செய்தித்தாளில் ஓரளவு நன்றாக வந்தது. அந்த நம்பிக்கையில் செட்டியார் ஜோடியை எடுத்து மேசையில் வைத்தேன். மளிகைச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும். அம்மாச்சிக்கு அந்த ஜோடி மேல்தான் உயிர். அம்மாளின் இடது கன்னத்தில் இளஞ்சிவப்பை மெல்ல ஏற்றினேன். இரண்டு விநாடி பூப்போல விழுந்தது. மூன்றாவது விநாடி துப்பிவிட்டது. கன்னத்திலிருந்து கண் ஓரம் வரை ஏழெட்டுச் சொட்டு.

பதறிப்போய் ஈரத்துணியால் ஒற்றினேன். அந்தக் காலப் பொம்மைகளில் பூசியிருப்பது தண்ணீரில் கரையும் வண்ணம் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை. சொட்டோடு சேர்ந்து பழைய நிறமும் துணியில் வந்துவிட்டது. கண் ஓரத்தில் யாரோ ஒரு கைவினைஞர் ஒற்றை முடித் தூரிகையால் இழுத்திருந்த மை, பாதிக்கு மேல் இல்லை. அடியில் வெள்ளைப் பூச்சு தெரிந்தது.

மறுநாள் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் அந்தக் கருவியைக் கொண்டுபோனேன். ஏர்பிரஷ் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் கடுகைவிடச் சின்ன விஷயங்களைப் பார்த்துப் பார்த்து முப்பது வருடம் ஆனவர். நாசிலைக் கழற்றி, கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன தங்கச்சி, வாயிலயே வெடிச்சிருக்கு.”

“நான் அழுத்தித் திருகிட்டேனா அண்ணே?”

“இல்லம்மா. நீ திருகினா மரையில தெரியும். மரை சுத்தமா இருக்கு. வெடிப்பு நுனியில இருக்கு பாரு, ஓட்டை போடும்போதே விட்டது.”

லென்சை வாங்கி நானும் பார்த்தேன். அரிசி நுனி அளவுள்ள பித்தளைக் கூம்பின் வாயில், வட்டத் துளையின் ஒரு பக்கம் முடி இழை போல ஒரு கீறல். ஊசியின் முனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு இரண்டும் தெரியவே தெரியாது. ஒரு மாதமாக நான் நொந்துகொண்டது என் கையை; பிழை இருந்தது இங்கே.

ஏர்பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். நாசில் நுனியைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாயும்போது அந்த இழுப்பில் பெயின்ட் வெளியே வருகிறது. கூரான ஊசி அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். டிரிகரைப் பின்னுக்கு இழுத்தால் ஊசி நகர்ந்து வழிவிடும். நுனியில் கீறல் இருந்தால் ஊசி சரியாக அடைக்காது, காற்றும் பெயின்ட் வரும் பாதைக்குள் ஏறிக்கொள்ளும். அப்புறம் பெயின்டைப் பால் பதத்தில் கலக்கினாலும் சரி, தேன் பதத்தில் கலக்கினாலும் சரி, துப்பத்தான் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க லென்சுகூட அவசியமில்லை, தண்ணீர் போதும். பெட்டியைப் பிரித்ததும், பெயின்ட் ஊற்றும் கப்பில் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். டிரிகரை அழுத்த மட்டும் செய்யுங்கள், இழுக்காதீர்கள். காற்று மட்டும் வர வேண்டும். கப்புக்குள் குமிழி வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது வெடிப்பு இருக்கிறது. ஒருமுறை கழற்றி விரலால் இறுக்கிப் பாருங்கள். பிறகும் குமிழி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டிய பொருள். இழுக்காமலே தண்ணீர் தெறித்தால் ஊசி அடைக்கவில்லை என்று பொருள். மெதுவாக இழுத்தால் பனி போலத் தொடங்கிச் சீராகக் கூட வேண்டும். ஊசியை வெளியே எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு இருந்தால் முனை ஆடிக் காட்டிக்கொடுக்கும். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து இது எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். தண்ணீரில் சோதித்துவிட்டு உலர்த்தினால் தடம் இருக்காது. பெயின்ட் ஒரு சொட்டு பட்டால் ‘யூஸ் பண்ண பொருள்’ ஆகிவிடும். நான் பெயின்டை முதலில் ஊற்றினேன், வீடியோவும் எடுக்கவில்லை.

பிரஷர் கதை தனி. கார் மாடல் செய்யும் ஒரு நண்பரிடம் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், மீட்டர் வைத்த ரெகுலேட்டர் இருந்தது. என் குட்டி கம்ப்ரசரை அதில் மாட்டினோம். காற்று வெளியேறாமல் அடைத்து வைத்தபோது 24 பி.எஸ்.ஐ. காட்டியது. டிரிகரை அழுத்திக் காற்றை விட்டதும் முள் 9க்கு இறங்கி அங்கேயே நடுங்கியது. விளம்பரத்தில் போடுவது அடைத்து வைத்த நிலையின் எண், அதிலும் கொஞ்சம் கூட்டி. நமக்கு வேண்டியதோ அடித்துக்கொண்டிருக்கும்போது நிற்கிற பிரஷர். பொம்மை, மாடல் வேலைகளுக்கு அது 15 முதல் 20 வரை இருக்க வேண்டும். காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் இல்லாததால் மோட்டாரின் ஒவ்வொரு துடிப்பும் அப்படியே பெயின்டில் வந்து விழுகிறது. நான் பார்த்த புள்ளி புள்ளிக் கோடு அதுதான்.

இன்னொரு மோசடியும் அப்போதுதான் உறைத்தது. மூன்று ஊசி இருந்தது, நாசில் ஒன்றே ஒன்றுதான். 0.5 ஊசிக்கு 0.5 நாசில் வேண்டும், மாற்றிப் போட முடியாது. மீதி இரண்டு ஊசியும் சும்மா பெட்டியை நிரப்ப வைத்தவை.

பணம் திரும்பி வந்ததும் இந்தப் புள்ளியில்தான். ‘யூஸ் பண்ணிவிட்டீர்கள்’ என்ற பேச்சு செல்லாத இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, சொன்ன மூன்று நாசிலில் இரண்டு வரவே இல்லை. இரண்டாவது, பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எதுவும் இல்லை. இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் இவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் எடையளவு விதி. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் ஆறு பக்கப் போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். விற்றவரிடம் மல்லுக்கட்டி ஒரு மாதத்தில் நடக்காதது, இப்படி 26ஆம் நாளில் நடந்தது. ₹2,890 வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு ₹140 வரவில்லை. பொருளின் பணமும் வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

மலிவான ஏர்பிரஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வைத்திருப்பதும் மலிவான சீனத் தயாரிப்புதான், ₹1,350. ஆனால் தனி ஏர்பிரஷ், 0.3 நாசில், காற்றுக் குழாய் மாட்ட எட்டில் ஒரு அங்குல மரை. அதே கடையில் உதிரி நாசில் ₹200க்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்: “இதுக்கு நாசில் மட்டும் தனியா தருவீங்களா?” இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், பேட்ஜர் போன்ற பெரிய கம்பெனிகளின் கருவிகள் வருடக்கணக்கில் உழைப்பதற்கு உதிரிப் பாகம் கிடைப்பதும் ஒரு காரணம். முதல் கருவியை 0.2இல் வாங்காதீர்கள். கைவினைக் கடைகளில் விற்கும் அக்ரிலிக் அதில் அடைத்துக்கொண்டே இருக்கும். 0.3க்குக்கூட அதைப் பழைய நைலான் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன்.

காசு சேர்த்துப் போட வேண்டிய இடம் கம்ப்ரசர். மூன்று லிட்டர் டேங்க், ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப் மூன்றும் இருப்பதாகப் பார்த்து ₹7,400க்கு வாங்கினேன். டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானே நிற்கிறது, காற்று குறைந்ததும் தானே ஓடுகிறது. முள் 18இல் வைத்தால் 18இலேயே நிற்கிறது. முதல் நாள், முதல் அரை மணி நேரத்தில், ஒரே சீரான கோடு இழுத்தேன். ஒரு மாதம் பழக வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே கைதான். முகமூடியை மறக்காதீர்கள், தண்ணீரில் கரையும் பெயின்டாக இருந்தாலும். தின்னர் அடிப்பதானால் சாதாரண முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது, அதற்கென்றுள்ள வடிகட்டி வைத்தது வேண்டும்.

நான் புகார் செய்த விளம்பரம் வைகாசியில் காணாமல் போனது. போன வாரம் வேறு பெயரில், அதே படங்களோடு திரும்ப வந்திருக்கிறது. விலை ₹2,499. ‘நவராத்திரிச் சலுகை’ என்று போட்டிருக்கிறார்கள்.

செட்டியார் அம்மாளை விளாச்சேரிக்கே எடுத்துப் போனேன். அங்கே வயதான ஒரு கலைஞர் பார்த்துவிட்டு, கன்னத்தைச் சரிசெய்துவிடலாம் என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, “புதுசா திறந்து விடுறேன் தாயி, ஆனா அது வேற ஆளு பார்வையாத்தான் இருக்கும்” என்றார். வேண்டாம் என்று சொல்லி, கன்னத்தை மட்டும் சரிசெய்து வாங்கி வந்தேன்.

இந்த வருடமும் அவர்கள் இருவரும் வழக்கமான அதே படியில்தான் உட்காருவார்கள்.