ஒன் ஸ்டாப் சென்டர்: மாணவிக்குத் துணையாகப் போன ஒரு டீச்சரின் ரிவ்யூ

ஊர், கல்லூரி எல்லாம் கேட்காதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான என் மாணவி ஒருத்தியுடன் எங்கள் மாவட்டத்து 'சகி' மையத்துக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் அரசு ஒன் ஸ்டாப் சென்டர்தான் இது) போனேன், அவள் சரி என்றதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் குறை, இடம். அரசு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் போர்டு கண்ணில் படவில்லை, வாசல் செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. நாலு பேரிடம் வழி கேட்டுக்கொண்டு போகிற இடமா இது? பெண்கள் ஹெல்ப்லைன் 181-க்கு அடித்து விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே கதையே வேறு. கவுன்சிலர் முதலில் வயதைக் கேட்டார். 18 ஆகவில்லை என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், ஃபர்ஸ்ட் இயரில் 17 வயதுப் பிள்ளைகள் உண்டு, அதனால் பேச ஆரம்பிக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறார்கள். இவளுக்கு 18 தாண்டிவிட்டது. "கேஸ் கொடுக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கலாம்மா, இப்ப டாக்டரப் பாக்கணுமா, வீட்டுக்குச் சொல்லணுமா, நீ சொல்லு" என்றார். நான் கூட இருக்கலாமா என்பதையும் அவளிடம்தான் கேட்டார். பைசா வாங்கவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பப் பிடிக்காதவர்கள் சில நாள் அங்கேயே தங்கலாம்.

நான் மார்க் அள்ளிப் போடுவது அட்டென்டன்ஸ் விஷயத்துக்கு. ராத்திரி பூரா தூங்காமல் கிடப்பவள் காலையில் லேபுக்கு எப்படி வருவாள்? 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டோனேஷன் ஃபாரம் (குறைந்த அட்டென்டன்ஸை மன்னிக்கக் கேட்டு எழுதுவது), அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம், ஹெச்ஓடி முதல் ஆபீஸ் கிளார்க் வரை படிப்பார்கள். கவுன்சிலர் இரண்டே வரியில் கடிதம் கொடுத்தார்: சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பாலியல் புகார்களை விசாரிக்கும் கல்லூரி உள் புகார்க் குழுவிடம் புகார் கொடுத்தால் விசாரணைக் காலத்தில் 3 மாதம் வரை விடுப்பு தர 2015 யுஜிசி விதிமுறையிலேயே இடமிருக்கிறதாம், எங்கள் ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்ததும் இவர்தான்.

அடுத்தடுத்த கவுன்சிலிங்குக்குத் தரும் நேரம்தான் படுமோசம். எல்லாமே வேலை நாள், பகல் 11 மணி. அதற்குப் போக இன்னும் இரண்டு பீரியட் போகிறது, எந்த அட்டென்டன்ஸுக்காகக் கடிதம் தந்தார்களோ அதையே அவர்களே குறைக்கிறார்கள். மாலை 5 மணிக்கு மேல் ஒரு ஸ்லாட் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை.