கையுறையா, கிரிப்பா, சீட்டா? சைக்கிளில் கை மரத்துப்போனால் எதை முதலில் மாற்றுவது

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், ஜெல் வைத்த கையுறை வாங்கு என்பார்கள். இல்லையென்றால் அகலமான கிரிப் போடு என்பார்கள். சைக்கிளின் அளவுகளை உடம்புக்கேற்ப மாற்றச் சொல்பவர்கள் குறைவு. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் தொட வேண்டியது சீட். கையுறையும் கிரிப்பும் அதற்கு அடுத்துதான்.

அந்த இரண்டு விரல்கள் மட்டும் ஏன் மரத்துப்போகின்றன? முழங்கையின் உட்புறம் வழியாக இறங்கி வரும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே கைக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் அதற்கு மேல் அதிக சதை கிடையாது. ஹேண்டில்பாரில் நாம் உடல் எடையைச் சாய்ப்பதும் அதே இடத்தில்தான். பெருவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டு நடுவில் போகும் மீடியன் நரம்பு, கை பின்பக்கமாக மடங்கியே இருப்பதால் அழுத்தப்படுகிறது. எந்த விரல்கள் என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

ஜெல் கையுறை அழுத்தத்தைப் பரப்புகிறது, சாலையின் அதிர்வைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது. நல்ல கையுறையில் ஜெல் இரண்டு திட்டுகளாகப் பிரிந்து, நரம்பு போகும் தடத்தில் இடைவெளி இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். திட்டு தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பிடியின் சுற்றளவு கூடிவிடுவதால் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும், முன்கை சோர்ந்துபோகும். நாளாக ஆக ஜெல் அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நேரான ஹேண்டில்பார் உள்ளவர்களுக்கு, வெளிப்பக்கம் இறக்கைபோல் விரிந்த கிரிப் நன்றாகவே உதவுகிறது. உள்ளங்கை முழுவதும் அதில் படுகிறது. ஆனால் அதைப் பொருத்தும் கோணம் முக்கியம். இறக்கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கும். அல்நார் நரம்பைக் காப்பாற்றப் போய் மீடியன் நரம்பை அழுத்துவோம். வளைந்த ஹேண்டில்பார்காரர்களுக்கு, அதன்மேல் சுற்றும் தடித்த டேப்தான் வழி. அவர்களுக்குப் பிடிக்க மூன்று இடங்கள் இருப்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை மாற்றி வைத்தாலே போதிய நிவாரணம் கிடைக்கும்.

இனி நான் கட்சி கட்டும் விஷயம். கையுறையும் கிரிப்பும் கையில் விழும் எடையை மெத்தை போட்டு வாங்கிக்கொள்கின்றன. அந்த எடையைக் குறைப்பது அவற்றால் முடியாது. எடை எவ்வளவு விழுகிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி இல்லாத சமதளத்தில், அல்லது பின்சக்கரத்தைத் தாங்கியில் பொருத்தி நின்ற இடத்திலேயே ஓட்டும் டிரெய்னரில், மிதமாக மிதித்தபடி இரு கைகளின் பிடியையும் மெல்லத் தளர்த்துங்கள். ஹேண்டில்பாரைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். உடம்பு அப்படியே நின்றால் எடை இடுப்பிலும் பெடலிலும் இருக்கிறது. முன்னால் சரிந்தால் கைகள்தான் சுமக்கின்றன.

சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் சாய்வு. மூக்கு கீழ்நோக்கி இருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுத்துப் பிடிப்பது கை. சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, ரசமட்டத்தையோ செல்போனையோ சீட்டின் மேல் வைத்து மட்டமாக்குங்கள். அடுத்து, சீட்டைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கைக்கு நெருக்கம் வேண்டும் என்று சீட்டை முன்னால் இழுக்கத்தான் தோன்றும். ஆனால் இடுப்பு பெடலுக்குப் பின்னால் போகப் போகத்தான் உடம்பு தன் எடையைத் தானே தாங்கும். பின்னால் போனால் பெடலுக்கான தூரம் கூடும், அதனால் சீட்டின் உயரத்தை ஒரு துளி குறைக்க வேண்டியிருக்கும். முழங்காலில் வலி வந்தால் பழைய இடத்துக்கே திரும்புங்கள். மாற்றும் முன் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இவ்வளவு செய்தும் எடை குறையவில்லை என்றால்தான் முன்பக்கம் போக வேண்டும். ஹேண்டில்பாரை முன்ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் பாகம்தான் ஸ்டெம். அதற்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றினால் ஹேண்டில்பார் உயரும். பல ஸ்டெம்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் உயர்த்தலாம். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் நீளம் குறைந்த ஸ்டெம். கழற்றும்போது பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் தளர்த்தி, பிறகு மேல்மூடி. பூட்டும்போது மேல்மூடியை இறுக்கி முன்ஃபோர்க்கின் ஆட்டத்தை எடுத்த பிறகே பக்கவாட்டு போல்ட். எவ்வளவு இறுக்கலாம் என்பதை ஸ்டெம்மிலேயே நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டக்கூடாது. கார்பன் பாகமாக இருந்தால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைவைக்காதீர்கள்.

பிரேக் லீவரின் கோணத்தை யாரும் கவனிப்பதில்லை. விரலை லீவரில் வைக்கும்போது முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கியே வைத்திருந்தால் குழியின் அதிர்ச்சி அங்கேயே அடங்கும். நீட்டியிருந்தால் அது நேராகத் தோளுக்கும் கழுத்துக்கும் போகும்.

நான் இந்தப் பக்கம் சாய்வதற்கான பெரிய காரணம் பராமரிப்பு. கையுறை தேயும், கிரிப் தேயும், டேப் கிழியும். அவை பழையதாகும்போது மரப்பும் திரும்பி வரும். ஒருமுறை சரியாக அமைந்த சீட் அப்படியே இருக்கும். போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். அடுத்த சைக்கிள் வாங்கும்போதும் அந்த அளவுகள் கைகொடுக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. ஹேண்டில்பாரை மிக உயர்த்தினால் எடை முழுவதும் இருக்கைப் பக்கம் போய், பள்ளத்தின் அடியை முதுகெலும்பு வாங்கும். எதிர்காற்றில் வேகமும் குறையும்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிர்வைக் குறைக்க, ஃபிரேம் இடம் கொடுத்தால் ஒரு அளவு அகலமான டயரைப் போட்டு, அதில் குறிப்பிட்ட வரம்புக்குள் காற்றைக் குறையுங்கள். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஸ்டெம்மை நண்பர் ஒருவருடைய சைக்கிளில் சிறிது தூரம்தான் ஓட்டியிருக்கிறேன். கரடுமுரடான சாலையில் இதமாக இருந்தது. அது எத்தனை நாள் உழைக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

கையுறை தெளிவாக வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது: விழும்போது. விழுபவர் கையைத்தான் முதலில் ஊன்றுகிறார். உள்ளங்கைத் தோல் உரியாமல் காக்க வேறெதுவும் இல்லை, அதனால் மெல்லிய கையுறை ஒன்றை நான் எப்போதும் போடுகிறேன். ஆனால் எலும்பை அது காக்காது. ஊன்றிய கை வழியாக வரும் விசை மணிக்கட்டையோ காறை எலும்பையோ முறிக்கக்கூடும். விழுந்த பின் பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதென்றால் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும் ஆபத்து உண்டு. வலி தொடர்ந்தால் மறுபடியும் மருத்துவரிடம் போங்கள். அதேபோல, சில நாட்கள் ஓட்டாமல் இருந்தும் மரப்பு நீடித்தாலோ, விரல்களை விரிக்க வலுவில்லாமல் சாவி நழுவினாலோ, சீட்டைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.